கணக்கும் காட்சியும்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணாக்கர் பலர்க்குத் தமிழில் இலக்கணமும் கணக்கில் இயற்கணிதமும் எட்டிக்காயாய்க் கசக்கின்றன. இவ்விரண்டனுள் முன்னதைக் கற்பிக்கும் பணியிலேயே யான் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தேன். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்ப்புறப் பள்ளிகளில் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன் யான். பின்னதைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை உண்டு என்று நீங்கள் வினவலாம். நேர்மையான வினாவே. புலவர் பட்டத்திற்குப் பயின்ற எனக்கு, பள்ளியிறுதித் தேர்வோடு கணக்கின் உறவு அறுந்துபோயிற்று. அறுந்தபோது யான் வருந்தவும் இல்லை. எனினும், ஒரு மாணவனுக்குக் கணக்கைப் பற்றி யான் ஒருநாள் கூறிய அறிவுரை பெரும்பிழையாய் முடிந்தது. அப்பிழையை எண்ணி எண்ணிப் பார்த்ததன் பயனாகவே இதனை எழுதத் துணிந்தேன்.

2000ஆம் ஆண்டு என்பது நினைவு. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தமிழில் வல்லவன். வெண்பா ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், அதனைச் சீர் பிரித்து, அசை பிரித்து, நேர் இது, நிரை இது, தளை இது என்று அலகிட்டுக் காட்டுவதில் அவனுக்கு நிகர் அவ்வகுப்பில் எவரும் இலர். கணக்கில் மட்டும் தளர்ந்தான். சாய்வு, வரைபடம், காரணிப்படுத்துதல் என்னும் சொற்களைக் கேட்டாலே அவன் முகம் வாடும். தேர்வுக்கு ஒரு திங்கள் இருக்கையில் என்னிடம் வந்து, “ஐயா, இவை எனக்கு விளங்கவில்லை, என் செய்வேன்?” என்றான். யான் சிறிதும் சிந்தியாமல், “தம்பி, நீ கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகப்போகிறாய். ஆலையில் உன்னைச் சாய்வு கேட்பார் யார்? வரைபட வினாக்களில் நான்கைந்தை அப்படியே மனப்பாடம் செய்துகொள், தேறிவிடுவாய்” என்றேன். அவனும் அவ்வாறே செய்தான்; தேறினான்; கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். அறிவுரை பலித்தது என்று யானும் மகிழ்ந்திருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கல் நாளன்று அவன் என் வீட்டிற்கு வந்தான். பேச்சினூடே அவன் கூறிய செய்தி என் நெஞ்சில் தைத்தது. அவன் பணிசெய்த ஆலையில் பெரிய வார்ப்பு ஒன்றை உலையில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றினராம். உலையின் வெப்பநிலையை ஒரு கருவி தாளின்மேல் கோடாக வரைந்துகொண்டே செல்லும். நேரம் கிடைக்கோட்டில், வெப்பம் நிலைக்கோட்டில். மணிக்கு இவ்வளவு பாகைக்கு மேல் ஏறலாகாது என்பது கட்டளை. விரைந்து சூடேறினால் வார்ப்பின் புறப்பகுதி முன்னே விரிவடையும், அகப்பகுதி பின்தங்கும், இரண்டிற்கும் இடையே இழுபறி உண்டாகி இரும்பு வெடித்துவிடும். நம் மாணவன் அன்று உலையைக் காத்துநின்றான். மணிக்கு மணி வெப்ப எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினான். எந்த எண்ணும் வரம்பைத் தாண்டவில்லை; ஆதலின் அமைதியாய் இருந்தான். ஆனால் தாளில் கோடு செங்குத்தாக நிமிர்ந்துகொண்டிருந்தது. அதனை அவன் கண்கள் கண்டன, கருத்துக் காணவில்லை. வார்ப்பு வெடித்தது. மூத்த தொழிலாளர் ஒருவர் அத்தாளை அவன் முன் விரித்து, “எண்ணைப் பார்த்தாயே, கோடு எழுந்த எழுச்சியைப் பார்த்தாயா?” என்று கேட்டாராம்.

“பள்ளியில் நான் மனப்பாடம் செய்த வரைபடந்தான் ஐயா அது. அதுதான் இது என்று எனக்குத் தெரியாமற் போயிற்று” என்றான் அவன். என்மேல் அவன் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

சாய்வு என்பது யாது? நேர்கோடு ஒன்று கிடையாக ஓரலகு செல்லும்பொழுது நிலையாக எத்துணை அலகு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதே சாய்வு. ஏற்றத்தைச் செலவால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. இவ்வளவே. இதனை வரையறையாக ஒப்பிப்போர் பலர்; தம் வீட்டின் மேல்தளத்தில் அதன்மேல் நடந்துகொண்டே இருக்கிறோம் என்பதை உணர்வோர் சிலர். கொத்தனார் மேல்தளம் போடுகையில் மழைநீர் தேங்காதிருக்க ஒரு பக்கம் தாழ்த்திப் போடுவார். பத்தடிக்கு இரண்டங்குலம் என்று அவர் கணக்கு வைத்திருப்பார். பத்தடி என்பது 120 அங்குலம். ஆகவே அத்தளத்தின் சாய்வு அறுபதில் ஒன்று. அவர் அதனைச் சாய்வு என்று சொல்லார், ‘வாட்டம்’ என்பார். எத்துணை அழகிய சொல்! பூ வாடுவதும் வாட்டம், முகம் வாடுவதும் வாட்டம், தளம் தாழ்வதும் வாட்டம். இயற்கணித வகுப்பில் நம் பிள்ளைகள் முகத்தில் காணும் வாட்டத்தைப் போக்க, கொத்தனாரின் வாட்டத்தைக் காட்டினாலே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் நாள்தோறும் எத்தனை ஆயிரவர் செல்கின்றனர்! ரயில் பாதைகளின் ஓரத்தில் குட்டையான கம்பங்கள் நிற்பதையும், அவற்றில் கைபோன்ற சிறு பலகைகள் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்திருப்பதையும், அவற்றின்மேல் எண்கள் எழுதியிருப்பதையும் கூர்ந்து நோக்குவோர் எத்தனை பேர்? 200 என்று எழுதியிருந்தால், 200 அடி சென்றால் பாதை ஓரடி ஏறும் அல்லது இறங்கும் என்பது பொருள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எண் பெரிதாக ஆகச் சாய்வு சிறிதாகிறது. 400 என்னும் கம்பத்தைக் கண்டு, ‘ஆ, இது பெரிய ஏற்றம்’ என்று எண்ணுவோன், சாய்வு என்பது ஒரு பின்னம் என்பதையும், கம்பத்தில் எழுதியிருப்பது அப்பின்னத்தின் கீழெண் மட்டுமே என்பதையும் மறந்தவன் ஆவான். நம் கடலோரச் சமவெளியில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலிலோ, சில இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரம் பிடிகொள்ளாது. ஆகவே நடுவே பற்கள் அமைந்த இருப்புச் சட்டம் இட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுமாறு செய்துள்ளனர். 200 என்னும் எண்ணுக்கும் 12 என்னும் எண்ணுக்கும் இடையே இருக்கும் வேறுபாடு, எஞ்சினின் உடலமைப்பையே மாற்றிவிட்டது.

நிலத்தின் ஏற்றத்தைக் கோட்டின் சாய்வாகக் காண்பது எளிது. காலத்தின் போக்கையும் அவ்வாறே ஒரு தாளில் காணலாம் என்பதுதான் வரைபடத்தின் வியப்பு. பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரெனே தெகார்த் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவியல் நூல், எண்ணையும் உருவத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தது. அதுவரை இயற்கணிதம் ஒரு வீட்டிலும் வடிவியல் மற்றொரு வீட்டிலும் தனித்தனியே பெரும்பாலும் குடியிருந்தன. இடையிலிருந்த சுவர் அதன்பின் இடிந்தது. சமன்பாடு கோடாயிற்று, கோடு சமன்பாடாயிற்று.

நம் மாவட்டத்துப் பூண்டி நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டப்பெற்று, 1944ஆம் ஆண்டில் பணி முடிந்த இத்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்பது பெயர். இதன் முழுக் கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. முழு உயரம் 35 அடி. சென்னையின் குடிநீருக்கு இது ஒரு முதன்மையான களஞ்சியம். கண்டலேற்றிலிருந்து கிருட்டிணை நீர் ஊத்துக்கோட்டைக்கு அருகில் தமிழக எல்லையைத் தொட்டுக் கால்வாய் வழியே இங்கு வந்து சேருகிறது. வடகிழக்குப் பருவமழை நாள்களில் ஏரிகளின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் செய்தித்தாள்கள் நாள்தோறும் வெளியிடுகின்றன. அவ்வெண்களைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம்.

வினாடிக்கு 1000 கன அடி வீதம் நீர் வருகிறது என்று கொள்வோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆகவே ஒரு நாளில் சேரும் நீர் 86.4 மில்லியன் கன அடி. தேக்கத்தில் முன்னரே 1500 மில்லியன் கன அடி இருந்தால், வேறு வரத்தும் செலவும் இல்லாதவிடத்து, பத்தாம் நாள் முடிவில் 2364 மில்லியன் கன அடி இருக்கும். நாள்களைக் கிடையச்சிலும் நீரை நிலையச்சிலும் குறித்தால் புள்ளிகள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமையும். அக்கோடு நிலையச்சை வெட்டும் இடம் 1500. அதாவது தொடக்கத்தில் இருந்த கையிருப்பு. கோட்டின் சாய்வு 86.4, அதாவது நாள்தோறும் வரும் வருவாய். பாடநூலில் வெட்டுத்துண்டு என்றும் சாய்வு என்றும் கூறப்பெறும் இரண்டும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும் சம்பளமும் போன்றவை. வரத்து இருமடங்கானால் கோடு இருமடங்கு செங்குத்தாகும். மதகைத் திறந்து, வருவதைவிட மிகுதியாக வெளியேற்றினால் கோடு கீழ்நோக்கித் திரும்பும்; அப்போது சாய்வு குறை எண்.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பலாம். நீரின் அளவைக் குறிக்காமல் நீர்மட்டத்தின் அடியைக் குறித்தால் அப்போதும் நேர்கோடு வருமா? வாராது. 3231ஐ 35ஆல் வகுத்து, அடிக்கு 92 மில்லியன் கன அடி என்று சராசரி கூறிவிடலாம். ஆனால் ஏரி என்பது செங்கற்சுவர் வைத்த தொட்டி அன்று, கிண்ணம் போன்றது. அடியில் உள்ள ஓரடி உயரம் சிறிது நீரையே கொள்ளும். மேலே உள்ள ஓரடி உயரம் பெரும்பரப்பில் விரிந்து மிகுதியாகக் கொள்ளும். ஆகவே ஒரே அளவு நீர் வந்துகொண்டிருந்தாலும் மட்டம் முதலில் விரைந்து ஏறும். பின்னர் மெல்ல ஏறும். கோடு வளையும். வளைகோட்டிற்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு சாய்வு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் கண்ட மக்கள் நாம். ‘ஏரி இன்னும் நிரம்பவில்லை’ என்னும் செய்தி நம்மை உறங்கச் செய்யும். ‘ஏரி மணிக்கு எவ்வளவு ஏறுகிறது’ என்னும் செய்தியே விழித்தெழச் செய்யும். உலைமுன் நின்ற என் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே. வெப்பம் எங்கே நிற்கிறது என்று அவன் அறிந்திருந்தான். எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்று அறியவில்லை.

இனிக் காரணிப்படுத்துதல். இதில் யான் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனெனில் இது என் சொந்த ஊர் போன்றது.

‘நடந்தனன்’ என்னும் சொல்லைப் பகுபத உறுப்புகளாகப் பிரிக்கக் கற்றிருக்கிறீர்கள். நட என்பது பகுதி, அடுத்த தகரம் சந்தி, அது நகரமானது விகாரம், அதன்பின் வரும் தகரம் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. முழுச்சொல்லாய் நின்றபோது அது ஒரு செய்தியை மட்டுமே கூறிற்று. பிரித்தபின் யார், எப்போது, என்ன செய்தான் என்று ஒவ்வோர் உறுப்பும் தன்தன் பணியைச் சொல்கிறது. எண்ணையும் கோவையையும் காரணிகளாகப் பிரிப்பதும் இத்தகைய செயலே. சொல்லின் உறுப்புகள் புணர்ந்து நிற்கின்றன. எண்ணின் காரணிகள் பெருகி நிற்கின்றன. வேறுபாடு அவ்வளவே என்றுதான் பல்லாண்டு எண்ணியிருந்தேன்.

பின்னர் மற்றொரு வேறுபாடு புலப்பட்டது. தமிழில் பொதுமொழி என்று ஒன்று உண்டு. தொடராய்ப் பிரிந்து ஒரு பொருளும், பிரியாது நின்று வேறு பொருளும் தருவது பொதுமொழி. ‘எட்டு’ என்பது ஓர் எண். எள் + து என்று பிரித்தால் ‘எள்ளை உண்’ என்று பொருள்படும். ‘வேங்கை’ ஒரு மரம், ஒரு விலங்கு. வேம் + கை என்று பிரித்தால் வேகின்ற கை. சொற்களுக்கு இந்த விளையாட்டு அழகு. எண்களிடம் இது செல்லாது. எட்டு என்னும் சொல்லை எத்தனை வகையாகவும் பிரித்துப் பாருங்கள். எட்டு என்னும் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 2 என்னும் ஒரே வழிதான். சென்னையில் பிரித்தாலும் சீனத்தில் பிரித்தாலும் அதுவே விடை. புலவர்க்கு மயக்கம் இன்பம். கணக்கர்க்கு மயக்கமின்மை இன்பம். இதனை உணர்ந்த நாளில், இளமையில் யான் வெறுத்து ஒதுக்கிய அப்பாடத்தின்மேல் எனக்கு ஒரு மதிப்புப் பிறந்தது.

ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனின் 1729 என்னும் எண்ணை அறியாதார் இலர். இலண்டன் புட்னியில் நோயுற்றிருந்த அவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இராமானுசனோ, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 1இன் கனம் 1. 12இன் கனம் 1728. 9இன் கனம் 729. 10இன் கனம் 1000. இச்செய்தியைக் கேட்டு வியந்து நின்றுவிடுகிறோம். ஒருபடி மேலே செல்லலாமே! இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையை, அவ்விரு எண்களின் கூட்டுத்தொகை கட்டாயம் வகுக்கும் என்பது நீங்கள் காரணிப் பாடத்தில் கற்ற வாய்பாடு. 1உம் 12உம் கூடினால் 13. ஆகவே 13, 1729ஐ வகுக்க வேண்டும். 9உம் 10உம் கூடினால் 19. ஆகவே 19உம் வகுக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள். 13 × 19 = 247; 1729ஐ 247ஆல் வகுக்க 7. ஆகவே 1729 = 7 × 13 × 19. மேதையின் மொழியாகக் கேட்டு வியந்த ஓர் எண்ணின் உள்ளுறுப்புகளை, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் சொந்த வாய்பாட்டாலேயே திறந்து காணலாம். தேர்வுக்கென்று மட்டும் கற்றவனுக்கு இந்த இன்பம் கிட்டுவதில்லை.

இம்மூன்று பாடங்களும் வகுப்பறையில் மூன்று வெவ்வேறு கிழமைகளில் வந்துபோகின்றன. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தை ஒரு சிறு காட்சியால் காட்டுகிறேன். உங்களிடம் 40 மீட்டர் முள்கம்பி இருக்கிறது. அதனைக் கொண்டு நான்கு பக்கமும் ஒரே சுற்றாக வேலியிட்டு நீள்சதுரத் தோட்டம் ஒன்று அமைக்க வேண்டும். நீளமும் அகலமும் சேர்ந்து 20 மீட்டர். நீளம் 2 எனில் அகலம் 18, பரப்பு 36. நீளம் 4 எனில் 64. நீளம் 6 எனில் 84. 8 எனில் 96. 10 எனில் 100. 12 எனில் மீண்டும் 96. 14 எனில் 84. இப்புள்ளிகளைத் தாளில் குறித்து இணைத்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோடு கிடைக்கும். அதற்குப் பரவளையம் என்று பெயர். 36இலிருந்து 64க்கு ஏற்றம் 28, அடுத்து 20, அடுத்து 12, அடுத்து 4. ஏற்றம் குறைந்துகொண்டே வந்து, உச்சியில் சாய்வு இல்லாமற்போய், பின் இறக்கம் தொடங்குகிறது. உச்சி 100, அப்போது தோட்டம் சதுரம். ஒரே வேலிக்குள் மிகுந்த நிலம் வேண்டுவோன் சதுரமாக வளைக்க வேண்டும் என்று அக்கோடு சொல்லிவிட்டது.

இனி, 96 சதுர மீட்டர் தோட்டம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால்? நீளத்தை ‘அ’ என்று வைத்துக்கொண்டால், அ² − 20அ + 96 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு வரும். கூட்டினால் 20, பெருக்கினால் 96 ஆகும் இரண்டு எண்கள் யாவை? 8உம் 12உம். ஆகவே அது (அ − 8)(அ − 12) எனப் பிரியும். தாளுக்குத் திரும்புங்கள். 96 என்னும் உயரத்தில் கிடையாக ஒரு கோடு இழுத்தால் அது வளைகோட்டை இரண்டு இடங்களில் வெட்டுகிறது: 8இல் ஒன்று, 12இல் ஒன்று. காரணி கண்ட எண்களும் கோடு வெட்டிய இடங்களும் ஒன்றே! 101 சதுர மீட்டர் கேட்டால் கோடு உச்சிக்கு மேலே சென்றுவிடும், எங்கும் வெட்டாது, அச்சமன்பாட்டிற்கு மெய்யெண் தீர்வு இல்லை. கம்பி போதாது என்று வேலிகட்டுவோர் கூறுவதும் அதுவே.

இன்றைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவிற்கு 8 மதிப்பெண். வலப்பக்க மூலையில் அளவுத்திட்டம் எழுதுக, அட்டவணை இடுக, புள்ளி வைக்க, இணைக்க, தீர்வு எழுதுக. இப்படியோட்டத்தைப் பழகிய பிள்ளை, கோடு எதனைச் சொல்கிறது என்று ஒருமுறையும் கேளாமலே எட்டையும் பெற்றுவிடும். தேறாதவன் ஒருவனுக்கு அந்த எட்டு ஓர் உயிர்க்கயிறு என்பதை யான் அறியாதவன் அல்லேன். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை தேர்ச்சி பெறுவது சிறிய செய்தி அன்று. ஆசிரியர்மேல் குறை கூறுவதும் எளிதன்று. பாடத்தை முடிக்க வேண்டிய நாள்கள் சில, வகுப்பிலோ பிள்ளைகள் பலர். மனப்பாடத்தையும் யான் இகழேன். மனப்பாடத்தால் வளர்ந்தவன் யான். பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் குழிமாற்றும் மனனம் செய்வித்தனர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்கைச் செய்யுளாகவே கூறிற்று. ஆனால் குழிமாற்றை ஒப்பித்த சிறுவன் தந்தையோடு வயலுக்குச் சென்று நிலத்தை அளந்தான். அவன் ஒப்பித்ததற்கு மண்ணின் மணம் இருந்தது. இன்று நாம் மனனத்தை வைத்துக்கொண்டு வயலை விட்டுவிட்டோம்.

‘கணினி நொடியில் கோடு வரைந்துவிடுகிறதே, பிள்ளை ஏன் வருந்த வேண்டும்?’ என்று கேட்போரும் உளர். உலையருகே இருந்த கருவியும் கோட்டை வரைந்துகொண்டுதான் இருந்தது. வரைவதற்கு ஆள் இருந்தது. படிப்பதற்கு ஆள் இல்லை. தொழிற்பேட்டையின் ஆலைகளில் இன்று திரையெங்கும் கோடுகள் ஓடுகின்றன என்கிறார்கள். அவற்றைப் பொருளறிந்து படிப்பவன் மேற்பார்வையாளன் ஆகிறான். படிக்கத் தெரியாதவன் அவன் சொற்படி மூட்டை தூக்குகிறான். நம் ஊர்ப் பிள்ளைகள் நம் ஊர் ஆலைகளிலேயே எந்த வாயில் வழியே நுழைகிறார்கள் என்பதை ஓரளவிற்கு இந்தப் பாடம் முடிவு செய்கிறது. வரைபடம் கற்பிக்கும் நாளில், பாடநூல் அட்டவணையை ஒருபுறம் வைத்து, ஊரின் எண்களை ஒருமுறையேனும் வரையச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஏரி நீர்மட்டம், கிணற்று ஆழம், வீட்டு மின்கட்டணம் என எதுவாயினும் ஆகுக.

இதில் எனக்கு நீங்காத வருத்தம் ஒன்று உண்டு. அன்று என்னிடம் வந்து நின்ற மாணவன் வெண்பாவைச் சீர்சீராய்ப் பிரித்தவன். பிரித்துப் பார்க்கும் கூர்மை அவனிடம் நிறைந்திருந்தது. ‘தம்பி, நீ இங்கே செய்வதைத்தான் அங்கேயும் கேட்கிறார்கள்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அச்சொல் எனக்கே அன்று தெரியாது.

அவனுக்கு இப்போது பதினான்கு வயதில் ஒரு மகள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற பருவமழையின்போது தந்தையும் மகளும் என்னைப் பார்க்க வந்தனர். கையில் வரைபடத்தாள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். செய்தித்தாளில் வந்த பூண்டி நீர்மட்டத்தை ஒரு திங்களாக நாள்தோறும் குறித்துவந்திருக்கிறாள். குறிக்கச் சொன்னவர் தந்தை. திண்ணையில் தாளை விரித்தோம். கோடு மெல்ல ஏறிற்று. பின் நிமிர்ந்து ஏறிற்று. ஓரிடத்தில், மழை ஓயாத நாள்களிலேயே, திடுமெனக் கீழே சரிந்தது. யான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “மழை பெய்கையில் கோடு ஏனம்மா இறங்குகிறது? புள்ளி தவறிவிட்டதோ?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா. அன்றைக்கு மதகைத் திறந்துவிட்டார்கள்” என்றாள் அவள்.